டேப்பெட்டை மாற்றுமுன் திறந்து பாருங்கள்

ஹைட்ராலிக் டேப்பெட் சத்தம் கொடுத்தால் பட்டறையில் சொல்லும் முதல் வார்த்தை "மாத்திடலாம்". ஏன் சத்தம் வருகிறது என்று கேட்டால் அதற்கும் பதில் "மாத்திடலாம்" தான். கழற்றிச் சுத்தம் செய்யலாமே என்றால், "அது திறக்கிற ஐட்டம் இல்லீங்க" என்று முடித்துவிடுவார்கள். 31 வருடம் பஸ் டிப்போ பணிமனையில் கை கறுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது திறக்கிற ஐட்டம்தான்.

வீட்டில் எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பவர் யாராக இருந்தாலும், டேப்பெட்டைத் திறந்து பார்க்காமல் குப்பையில் போடக் கூடாது என்பது என் கட்சி. காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எஞ்சினுக்குள் இத்தனை வருடம் எப்படிப்பட்ட ஆயில் ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சாட்சியை விசாரிக்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போட்டால், பழசைக் கெடுத்தது எதுவோ அதுவே புதுசையும் கெடுக்கும்.

எங்கள் வாழவந்தி நாட்டில் புல்லட் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். மிளகு மூட்டை, வாழைத்தார், பலாப்பழம் எல்லாம் அதன் முதுகில்தான் சோளக்காட்டுச் சந்தைக்குப் போகும். செம்மேட்டிலிருந்து நாமக்கல் 50 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு சின்ன கேஸ்கெட் வாங்கப் போனாலும் ஒரு நாள் போச்சு. ஆகவே இங்கே "மாத்திடலாம்" என்ற வார்த்தைக்கு விலை கொஞ்சம் கூடுதல்.

புல்லட்டில் இந்த ஹைட்ராலிக் சமாச்சாரம் எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்காக ஒரு சிறு கதை. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலத்திலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் திருவொற்றியூர் புல்லட்டுக்கு டேப்பெட் என்பது கையால் சரிசெய்வதுதான். பேரலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூடியைக் கழற்றி, எஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றிப் பார்ப்போம். சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இரண்டு ஸ்பேனர் போதும். படிக்காத ஆள் கூட ஒரு தடவை பார்த்தால் கற்றுக்கொள்வார்.

2008-09 வாக்கில் யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் எஞ்சின் வந்தது. யூசிஇ என்று பையன்கள் சொல்வார்கள். ட்வின்ஸ்பார்க் தண்டர்பேர்டு, பிறகு கிளாசிக், அப்புறம் எலெக்ட்ரா என்று வரிசையாக அந்த எஞ்சினுக்கு மாறின. 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்ற பழைய அளவு அப்படியே இருக்க, உள்ளே இரண்டு பெரிய மாற்றம். ஒன்று, டேப்பெட் ஹைட்ராலிக் ஆனது. இன்னொன்று, எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்க ஆரம்பித்தன. முதல் மாற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் டேப்பெட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது இரண்டாவது மாற்றம்தான். பழைய புல்லட்டில் கிளட்ச் தூள் கிளட்ச் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். யூசிஇயில் அந்தத் தூளும் எஞ்சின் ஆயிலோடு சேர்ந்து ஊர் சுற்றும்.

ஹைட்ராலிக் டேப்பெட் ஒன்றும் புது அதிசயம் இல்லை. அமெரிக்காவில் 1930இலேயே கேடிலாக் கம்பெனி தன் 16 சிலிண்டர் காரில் போட்டுவிட்டது. நம் ஊரில் மலையேறி வரும் ஸ்விஃப்ட் டீசல் டாக்ஸிகளின் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சினில் 16 வால்வுக்கும் ஹைட்ராலிக்தான்.

சமாச்சாரம் இவ்வளவுதான். வெளியே ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு பிளஞ்சர். பிளஞ்சருக்கு அடியில் ஒரு ஸ்பிரிங், ஒரு கடுகு போன்ற குண்டு. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் ஸ்பிரிங் பிளஞ்சரை மேலே தள்ளி இடைவெளியை அடைக்கும். காலியான இடத்துக்குள் பம்பிலிருந்து வரும் ஆயில் குண்டைத் தள்ளிக்கொண்டு நுழையும். கேம் தூக்கும்போது குண்டு வழியை மூடிவிடும். உள்ளே மாட்டிய ஆயில் நசுங்காது, ஆகவே முழுச் சாமானும் இரும்புத் துண்டு மாதிரி நின்று புஷ்ராடைத் தூக்கும். பிளஞ்சருக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி தலைமுடியின் கனத்தில் சிறு பங்குதான். அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் கசியும். அந்தக் கசிவும் வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் சூடாகி உலோகம் நீளும்போது வால்வு முழுதாக மூடாது.

இதைப் புரிந்துகொண்டால் நோயும் புரியும். குண்டுக்கடியில் ஒரு துரும்பு மாட்டினால் ஆயில் நிற்காது. பிளஞ்சரில் பிசின் படிந்தால் நகராது. இரண்டுக்கும் வெளியே கேட்பது ஒரே டக் டக் சத்தம்தான். இரண்டும் அழுக்கு. இரண்டும் கழுவினால் போகும். தேய்மானம் என்பது வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

என் தங்கை மகனுடைய எலெக்ட்ரா ட்வின்ஸ்பார்க் போன ஆடி மாதத்துக்கு முன்னால் என் வீட்டுக்கு வந்தது. அவன் அப்பா ஓட்டிய வண்டி. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், வண்டி மிச்சம். மிளகுக்கும் காப்பிக்கும் அதுதான் அவனுக்கு லாரி. புகை வந்தது, டேப்பெட் சத்தமும் வந்தது. கீழே ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறான். ரிங்கு, பிஸ்டன், கேம், டேப்பெட் இரண்டும், ஹெட்டும் என்று ஒரு நீளமான துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொகைக்கு வண்டியை விற்றுவிடலாம் என்று நினைத்திருக்கிறான்.

"மாமா, வித்துட்டு ஒரு சின்ன வண்டி எடுத்துக்கட்டுமா?" என்றான்.

"வித்துக்கோ மாப்பிள்ளை. ஆனா என்ன கெட்டிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வித்துக்கோ" என்றேன்.

எஞ்சினைத் திறக்காமல் எழுதிய சீட்டு அது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சத்தத்தை மட்டுமாவது ஒழுங்காகக் கேட்டிருக்கலாம். மரப்பிடி ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து பிடியைக் காதில் வைத்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இங்கே மார்கழிக் குளிரில் இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் சில நொடி டக் டக் என்றால் அது நோயே இல்லை, டேப்பெட்டிலிருந்து வடிந்த ஆயில் திரும்ப நிரம்புகிறது. குளிரில் வந்து சூடானதும் போகாமல் நின்றால் பிசினையோ துரும்பையோ சந்தேகப்பட வேண்டும். குளிரில் அமைதியாக இருந்து, மலையேறி நன்றாகச் சூடான பிறகு மட்டும் சத்தம் வந்தால் தேய்மானம். ஆயில் இளகியதும் தேய்ந்த இடைவெளியில் ஓடிப்போகிறது. இரண்டு டேப்பெட்டும் ஒன்றாகச் சத்தமிட்டால் டேப்பெட்டை விட்டுவிட்டு ஆயில் வரும் வழியைப் பார்க்க வேண்டும். அவன் வண்டியில் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும், எந்நேரமும் சத்தம்.

ஹெட்டையும் பேரலையும் தூக்கினோம். பேரலை நாமக்கல்லுக்கு அனுப்பினோம். லாரி ஊர் என்பதால் போரிங் வேலைக்கு அங்கே கை தேர்ந்த ஆட்கள் உண்டு, அது வீட்டில் ஆகிற வேலை இல்லை. பேரல் திரும்பி வர நாலு நாள். டேப்பெட்டுக்கு அந்த நாலு நாள் போதும்.

இனி சுத்தம் செய்யும் முறை. செய்யப் போகிறவர்கள் நிதானமாகப் படிக்கவும்.

முதலில் இரண்டு எவர்சில்வர் கிண்ணம். ஒன்றில் "இன்லெட்", மற்றதில் "எக்ஸாஸ்ட்" என்று எழுதி ஒட்டுங்கள். ஒரு டேப்பெட்டின் பிளஞ்சர் இன்னொன்றின் கிண்ணத்துக்குள் போகவே கூடாது. ஜோடி ஜோடியாகப் பொருத்தப்பட்டவை அவை, மாற்றினால் இரண்டும் வீண். வெளியே எடுக்கும்போது எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்றும் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கிளிப்பைக் கழற்றும்போது டேப்பெட்டையும் கையையும் ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு கழற்றுங்கள். அந்தக் கிளிப் பறந்தால் காப்பித் தோட்டத்தில் தேட வேண்டியதுதான். கிளிப் வந்த பிறகு பிளஞ்சர் தானாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிசின் பிடித்திருந்தால் வராது. இங்கேதான் பலர் கட்டிங் பிளேயரை எடுப்பார்கள். பிளேயர் பட்ட பிளஞ்சர் செத்த பிளஞ்சர். டீசலில் ஒரு இரவு ஊற வையுங்கள். முன்பெல்லாம் ரேஷன் மண்ணெண்ணெய் இருந்தது, இப்போது அது கிடைப்பது குதிரைக் கொம்பு. ஊறிய பிறகு வாயைக் கீழே கவிழ்த்து ஒரு மரக்கட்டை மேல் லேசாகத் தட்டுங்கள். வரவில்லையா, இன்னொரு இரவு. எக்ஸாஸ்ட் டேப்பெட் எங்களுக்கு மூன்றாம் நாள்தான் மனமிறங்கியது.

பிரித்த பாகங்களை அப்படியே கழுவிவிடாதீர்கள். ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எக்ஸாஸ்ட் பிளஞ்சரில் காப்பி டிகாக்‌ஷன் காய்ந்த மாதிரி பழுப்புப் பிசின். அடியில் கறுப்புச் சேறு, அந்தச் சேற்றை விரலில் தேய்த்தால் நறநற என்று நைசான தூள். கிளட்ச் தூள் என்றுதான் எனக்குப் பட்டது. இவ்வளவு தூள் இங்கே வரை எப்படி வந்தது? பில்டர் என்ன செய்துகொண்டிருந்தது? பில்டர் மூடியைத் திறந்தோம். உள்ளே காகித பில்டர் நசுங்கிச் சுருங்கிக் கிடந்தது. அதன் கோலத்தைப் பார்த்தால் பல ஆயில் மாற்றத்தைக் கண்ட கிழம். ஒவ்வொரு தடவையும் ஆயிலை மட்டும் மாற்றி அதே பில்டரைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். கீழே இருக்கும் வடிகட்டி வலையிலும் பாதி அடைப்பு.

இதைத்தான் சாட்சி என்றேன். டேப்பெட்டைத் திறக்காமல் புதுசு போட்டிருந்தால் பில்டர் மூடியை யாரும் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் புது டேப்பெட்டும் பாடியிருக்கும். பிறகு "கம்பெனி சாமானே சரியில்லை" என்று ஒரு தீர்ப்பு.

கழுவுவதற்கு வருவோம். டீசலில் கழுவி, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை ஓட்டைகளின் வழியே அடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், அந்த ஸ்பிரே எந்த ஓட்டை வழியாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. கடைசியாகப் பெட்ரோலில் ஒரு முங்கு. இதை வெளியே திண்ணையில் செய்யுங்கள், அடுப்பு எரியும் வீட்டுக்குள் வேண்டாம். உப்புத்தாள், கம்பி பிரஷ், வால்வு பேஸ்ட் எதுவும் அருகிலேயே வரக் கூடாது. பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்தால் அந்த நுண்ணிய இடைவெளி பெரிதாகிவிடும். பனியன் துணியில் துடைக்காதீர்கள், நூல் பிசிறு விடும். காற்றில் காய விடுங்கள்.

காய்ந்த பிறகு இரண்டு சோதனை. ஸ்பிரிங்கும் குண்டும் இல்லாமல் பிளஞ்சரை மட்டும் கிண்ணத்தில் விட்டால் தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எங்காவது நின்றால் அங்கே இன்னும் பிசின். பிறகு எல்லாவற்றையும் உலர்ந்தபடியே கோர்த்து விரலால் அமுக்கினால் சைக்கிள் பம்பின் வாயை மூடி அமுக்குவது மாதிரி துள்ளித் திரும்ப வேண்டும். துள்ளவில்லை என்றால் குண்டு சரியாக உட்காரவில்லை. இதற்குப் பிறகு புது ஆயிலில் முக்கி, மெல்லிய மழுங்கிய கம்பியால் குண்டைத் தொட்டுத் தொட்டுப் பிளஞ்சரை ஏற்றி இறக்கினால் காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறும். நிரம்பிய டேப்பெட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால் கல் மாதிரி நிற்க வேண்டும். எக்ஸாஸ்ட் நின்றது. மூன்று நாள் பிடிவாதம் பிடித்த அதே டேப்பெட் இன்னும் வண்டியில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், சத்தமே போடாத இன்லெட் டேப்பெட்தான் தேறவில்லை. உள்ளே ஓரளவு சுத்தம். ஆனால் கேமைத் தொடுகிற பக்கம் ஊசி குத்திய மாதிரி குழிகள். அதை எந்தக் கழுவலும் சரிசெய்யாது. கேமை நகத்தால் தடவிப் பார்த்தோம், வழுவழுப்பு. கேம் தப்பித்தது, அந்த ஒரு டேப்பெட்டை மட்டும் புதிதாக வாங்கினோம். ஆகவே நான் சுத்தம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிரச்சாரம் செய்யவில்லை. குழி விழுந்திருந்தால், பிளஞ்சரில் நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால், கழுவி நன்றாகக் கோர்த்த பிறகும் ஆயில் நிரம்பியதை அமுக்கினால் பொதபொதவென்று இறங்கினால், தூக்கிப் போடுங்கள். ஆனால் சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் நாங்கள் நல்லதைப் போட்டுவிட்டுக் கெட்டதை வைத்திருப்போம்.

பட்டறைக்காரர்களை நான் திட்டவில்லை. ஒரு டேப்பெட்டை மூன்று நாள் ஊறவைத்துத் தட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு வாடகை யார் கொடுப்பது? மூன்று நாள் கூலி கேட்டால் நீங்கள் கொடுப்பீர்களா? புதுச் சாமானுக்குப் பில் போடலாம், பொறுமைக்குப் பில் போட முடியாது. திரும்ப வந்தால் பெயரும் கெடும். அவர் கணக்கில் "மாத்திடலாம்" என்பது நியாயம்தான். நான் கேட்பது, திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், கழற்றிய பழசை வண்டிக்காரர் கையில் கொடுங்கள் என்பதுதான். 2022இல் மத்திய அரசின் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. அதில் மோட்டார் வாகனமும் ஒரு பிரிவு. டிசம்பரில் அதற்கென்று ஓர் இணையதளமும் வந்தது. நல்ல காரியம். ஆனால் வீட்டில் கையில் நேரம் இருக்கும் எங்களைப் போன்ற பென்ஷன்காரர்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காவிட்டால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு பையன்கள் என்ன செய்வார்கள்?

மாட்டும்போது ஓர் எச்சரிக்கை, இதை மறந்தால் செய்த வேலை எல்லாம் பாழ். ஆயில் நிரம்பிய டேப்பெட் முழு உயரத்தில் நிற்கும். அதன் மேல் புஷ்ராடு, ராக்கர் எல்லாம் இறுக்கியவுடன் வால்வு கொஞ்சம் திறந்தபடி இருக்கலாம். அந்த நேரத்தில் ஆசையில் கிக்கரை மிதித்தால் புஷ்ராடு வளையும், வால்வு பிஸ்டனில் இடிக்கவும் இடமுண்டு. இறுக்கிவிட்டுப் போய் ஒரு டீ குடியுங்கள். அரை மணி நேரத்தில் அதிகப்படி ஆயில் கசிந்து டேப்பெட் தன் இடத்துக்கு வந்துவிடும். பிறகு இரண்டு பிளக்கையும் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது முட்டினால் நிறுத்துங்கள். முட்டாமல் சுற்றினால், பிளக் இல்லாமலேயே கிக்கரை மிதித்து ராக்கர் வரை ஆயில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட். மருமகன் அந்த அரை மணி நேரத்தில் நாலு தடவை மணி பார்த்தான்.

ஓரி விழாவுக்கு முந்தின நாள் வண்டி கிளம்பியது. முதல் ஐந்து நிமிடம் எக்ஸாஸ்ட் பக்கம் லேசான சத்தம், பிறகு அடங்கிவிட்டது. விற்கும் பேச்சை அவன் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கடையில் விற்கிற டேப்பெட் சத்த மருந்துகளைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஆயிலில் ஊற்றினால் சத்தம் போகும் என்கிற டப்பாக்கள். காருக்கு எப்படியோ, கிளட்சும் அதே ஆயிலில் ஓடும் புல்லட்டுக்கு நான் ஊற்ற மாட்டேன். வழுக்கவைக்கும் மருந்து டேப்பெட்டுக்கு நல்லதாக இருந்தாலும் கிளட்சை வழுக்கவைத்துவிடும். அதே காரணத்தால்தான் கார் ஆயிலும் கூடாது. 15 டபிள்யூ 50, டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்று போட்டிருக்க வேண்டும். மூட்டையோடு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் காரவள்ளியிலிருந்து ஏறுகிற வண்டிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் முன்னாலேயே ஆயிலை மாற்றுவது என் வழக்கம்.

2020 நவம்பரில் மீட்டியர் வந்ததிலிருந்து புது 350 எஞ்சினில் புஷ்ராடும் இல்லை, ஹைட்ராலிக் டேப்பெட்டும் இல்லை. கேம் மேலே போய்விட்டது, ராக்கரில் மறுபடியும் ஸ்குரூவும் லாக் நட்டும். 2021இல் கிளாசிக், 2023 செப்டம்பரில் புல்லட் என்று எல்லாம் அந்தப் பக்கம் வந்துவிட்டன. பீலர் கேஜோடு காலம் தள்ளிய எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் விற்ற யூசிஇ வண்டிகள் இன்னும் இருபது வருடமாவது இந்த மலையில் ஓடும். அவற்றின் டேப்பெட்டுகள் வரிசையாகச் சத்தமிடப் போகின்றன.

மருமகன் இப்போது ஆயிலையும் பில்டரையும் சேர்த்தே வாங்குகிறான். கழற்றிய பில்டரை ஒரு பாலிதீன் பையில் போட்டு எனக்குக் கொண்டுவந்து காட்டுகிறான். பழைய பில்டரை வெட்டிப் பிரித்து மடிப்புக்குள் எதைத் தேட வேண்டும் என்பதைப் படத்தோடு அடுத்த வாரம் எழுதுகிறேன்.